நீங்கள் சுவாசிப்பது எவ்வளவு? – காற்று மாசுக்கு ஆட்படும் அளவைப் பற்றி நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் ஆகியவற்றிற்குச் சிகிச்சை பெறுவோர் பலருக்கும் எழும் ஐயம் இது: "கைபேசியில் இன்று காற்றின் தரம் 'திருப்தி' என்று காட்டுகிறது. ஆனால் எனக்கு மட்டும் ஏன் மூச்சு இளைக்கிறது?"

இந்த ஐயத்தில் தவறேதும் இல்லை. கைபேசி காட்டும் எண் நகரத்தின் காற்றைப் பற்றியது. உங்கள் நுரையீரலுக்குள் சென்ற காற்றைப் பற்றியது அன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அளந்து ஆராய்வதற்கென்றே ஓர் அறிவியல் துறை வளர்ந்து வருகிறது. மனிதர்கள் எந்த மாசுக்கு, எங்கே, எவ்வளவு நேரம், எவ்வழியாக ஆட்படுகிறார்கள் என்பதை அது கணக்கிடுகிறது. உங்கள் சிகிச்சைக்கும், அரசு வகுக்கும் சுற்றுச்சூழல் விதிகளுக்கும் இக்கணக்கு அடிப்படையாகிறது.

காற்றுத் தர எண் எதைச் சொல்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி உள்ளிட்ட இடங்களில் தானியங்கி நிலையங்களை வைத்துக் காற்றை அளக்கின்றன. அளக்கப்படும் மாசுகளுள் முதன்மையானது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். இதன் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இதைத் தடுத்து நிறுத்த இயலாது. இது நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லும். அதில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும்.

இந்த எண்ணைப் படிக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

1. நுண்துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. காலை நெரிசல் நேரத்தில் ஏறி இறங்கிய அளவு அச்சராசரிக்குள் மறைந்துவிடும்.

2. நிலையம் இருக்கும் இடத்துக் காற்றையே அது காட்டுகிறது. கருவி தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் சமையலறையிலோ, பேருந்து நிறுத்தத்திலோ அது இல்லை.

3. 'திருப்தி' என்பது 51 முதல் 100 வரையிலான எண்ணுக்குரிய வகை. இந்நிலையில் எளிதில் பாதிப்புக்குள்ளாவோருக்குச் சிறிய அளவில் மூச்சு அசௌகரியம் ஏற்படலாம் என்று அரசின் விளக்கமே கூறுகிறது. ஆகவே ஆஸ்துமா உள்ளவருக்குத் 'திருப்தி' என்பது 'பாதிப்பு இல்லை' என்று பொருள்படாது. 101 முதல் 200 வரை 'மிதமானது' எனப்படும். நுரையீரல், இதய நோயாளிகளுக்கு அதில் மூச்சுச் சிரமம் உண்டாகலாம்.

ஒரே வட்டாரம், இருவேறு அளவுகள்

ராயப்பேட்டையில் வசிக்கும் இருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை; அளந்து பெற்றவை அல்ல. அனைத்தும் ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள பிஎம் 2.5 நுண்துகளின் மைக்ரோகிராம் அளவு. அன்று அருகிலுள்ள நிலையம் 50 என்று காட்டுகிறது எனக் கொள்வோம்; இது 'திருப்தி' வகையில் அடங்கும்.

முதலாமவர் மணிக்கூண்டு அருகே சாலையோரத்தில் பழம் விற்பவர். 11 மணி நேரம் சாலையோரத்தில் (அளவு 85), 2 மணி நேரம் புகை சூழ்ந்த சிறு சமையலறையில் (110), 11 மணி நேரம் வீட்டில் (45) இருக்கிறார். ஒவ்வோர் இடத்தின் அளவையும் அங்குக் கழித்த மணி நேரத்தால் பெருக்கி, கூட்டி, 24 ஆல் வகுத்தால் அவருடைய நாள் சராசரி ஏறத்தாழ 69.

இரண்டாமவர் உட்தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 22 மணி நேரம் வீட்டில் (45), 2 மணி நேரம் சாலையில் (85) இருக்கிறார். அவருடைய நாள் சராசரி ஏறத்தாழ 48.

இருவருக்கும் கைபேசி ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் பழம் விற்பவர் ஆட்படும் அளவு ஆசிரியையினுடையதைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதி. மேலும், ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுப்பார். சுமை தூக்கும்போதும் விரைந்து நடக்கும்போதும் இது பல மடங்காகும். எனவே உடலுக்குள் சேரும் துகளின் அளவில் வேறுபாடு இன்னும் பெரிது. குழந்தைகளோ உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியான காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய மூக்கு வாகனப் புகைக்குழாயின் உயரத்திற்கும் நெருக்கமாக இருக்கிறது.

போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டருக்குள் வாகன மாசு மிகுந்திருக்கும். விலகிச் செல்லச் செல்லக் குறையும். ராயப்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய கடையும், அதிலிருந்து மூன்று தெரு தள்ளியுள்ள வீடும் காற்றைப் பொறுத்தவரை ஒரே இடம் அல்ல. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் போன்ற கட்டுமானம் நடைபெறும் இடங்களில் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

ஆட்படும் அளவை எவ்வாறு அளக்கிறார்கள்?

இதற்கு மூன்று முறைகள் உள்ளன.

- உடலில் அணியும் கருவி: சட்டையில் அல்லது சிறு பையில் பொருத்தப்படும் கருவி, அணிபவர் செல்லும் இடமெல்லாம் உடன் சென்று, அவர் மூக்கருகே உள்ள காற்றை 24 மணி நேரமோ அதற்கு மேலோ அளக்கும். மிகவும் நம்பகமான முறை இதுவே. ஆனால் செலவு மிகுந்தது.

- இடமும் நேரமும் சேர்ந்த கணக்கு: வீடு, பணியிடம், சாலை ஆகியவற்றில் தனித்தனியே அளந்து, ஒருவர் எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைக் கேட்டறிந்து கணக்கிடுவது. மேலே கண்ட எடுத்துக்காட்டு இவ்வகையைச் சேர்ந்தது.

- உடலிலேயே அளப்பது: இரத்தத்தில் ஈயம், சிறுநீரில் ஆர்செனிக், மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு என உடலுக்குள் சேர்ந்துவிட்டதை நேரடியாகக் காண்பது. மூச்சு, உணவு, குடிநீர், தோல் எனப் பல வழிகளில் நுழைந்தவை அனைத்தையும் இது ஒருங்கே காட்டும். ஆனால் எவ்வழியாக எவ்வளவு நுழைந்தது என்பதை இது தனித்துக் காட்டாது.

தமிழ்நாட்டு ஆய்வுகள் காட்டியவை

இத்துறையில் தமிழ்நாட்டிற்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் முனைவர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டுப் புகையை அளந்து வருகின்றனர்.

சமையலறைப் புகை: 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிவியலாளர் கிர்க் ஸ்மித், குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மீதே கருவியைப் பொருத்தி அளந்தார். காற்று மாசு என்பது ஆலைக் குழாயிலும் நகரச் சாலையிலும் மட்டும் இருப்பது என்ற எண்ணம் அதனால் மாறியது. பின்னர் போரூர்க் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் விரிவாக அளந்து, 2002ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஒரே வீட்டிற்குள்ளும் சமைப்பவர் ஆட்படும் அளவு மற்றவர்களுடையதைவிட மிகுதி என்பதை அவை காட்டின.

கர்ப்பமும் நுண்துகளும்: தமிழ்நாட்டின் நகர்ப்புற, கிராமப்புறத் தாய்மார்கள் 1,285 பேரைக் கர்ப்பக் காலம் முழுவதும் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஆட்படும் பிஎம் 2.5 அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதை அது கண்டறிந்தது. ஒரு குழந்தைக்கு 4 கிராம் என்பது சிறிய எண். ஆனால் விறகடுப்பு உள்ள வீட்டிற்கும் எரிவாயு உள்ள வீட்டிற்கும் இடையிலான வேறுபாடு 10 மைக்ரோகிராமோடு நின்றுவிடுவதில்லை. மேலும், மாநிலத்தின் அனைத்துப் பிறப்புகளிலும் இவ்விளைவு பரவும்போது எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடுகிறது.

எரிவாயு மட்டும் போதுமா?: தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர்கள் ஆட்பட்ட நுண்துகளின் அளவு ஏறத்தாழ 24 ஆகக் குறைந்தது. விறகு முதலியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்திய பிரிவில் அது ஏறத்தாழ 71. ஆனால் 2022இல் வெளியான முடிவில், இரு பிரிவுகளிலும் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எரிவாயு பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புகை மூன்றில் இரு பங்கு குறைந்தது என்பது அளவீட்டால் உறுதியாகத் தெரிகிறது. கர்ப்பத்தின் இடையில் தொடங்கும் ஒரே ஒரு மாற்றம் பிறப்பு எடையை உயர்த்தப் போதுமானதாக இருக்கவில்லை என்பதும் தெரிகிறது. அளக்காமல் விட்டிருந்தால், அடுப்பு பயன்படவில்லையா அல்லது பயன்பட்டும் எடை கூடவில்லையா என்பதே புரிந்திருக்காது.

ஈயம்: ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் விலக்கப்பட்டது. அதன் பின்னரும், சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், இரத்த ஈயத்தின் சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் எனக் காணப்பட்டது. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணத்தைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டல். பெட்ரோல் ஒன்றே காரணமன்று. பழைய வண்ணப்பூச்சு, மின்கலம் உடைக்கும் தொழில், கலப்படப் பொருள்கள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும் என்பதைக் குழந்தைகளின் இரத்தமே உணர்த்தியது.

வெப்பம்: ஆட்படுதல் காற்றோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் செய்யப்பட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு எனத் தெரியவந்தது.

அளவீடு எவ்வாறு விதியாகிறது?

'புகை தீயது' என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் அரசு ஒரு வரம்பை விதிக்க வேண்டுமானால், எந்த அளவில், யாருக்கு, எவ்வளவு தீங்கு என்ற எண் தேவை. மாசின் மூலத்தை எங்கே தடுத்தால் மிகுதியான மக்களுக்குப் பயன் கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும். ஆட்படும் அளவை அளக்கும் ஆய்வுகள் இவ்விரண்டிற்கும் விடை தருகின்றன.

- இந்தியாவின் காற்றுத் தர வரம்புகள் முதன்முதலில் 1982இல் வகுக்கப்பட்டன. பிஎம் 2.5க்கான வரம்பு 2009இல்தான் சேர்க்கப்பட்டது: ஆண்டுச் சராசரி 40, 24 மணி நேரச் சராசரி 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தவை முறையே 5, 15. இவ்வரம்புகள் வெளிக்காற்றிற்கு உரியவை. வீட்டினுள்ளும் பணியிடத்திலும் சேரும் மாசு இவற்றுள் அடங்காது.

- சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வாலா திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது.

- வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வெளியிடப்பட்டது.

- கந்தகம் மிகக் குறைந்த எரிபொருளும் பாரத் நிலை 6 வாகனங்களும் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன.

- வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது.

விதிகள் வந்துவிட்டால் போதும் என்பதும் இல்லை. போகிப் பண்டிகையின்போது டயர், நெகிழி ஆகியவற்றை எரிக்க வேண்டாம் என்று ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. எனினும் 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே பாதிக்கப்பட்டன. அத்தகைய காலைப்பொழுதில் நுரையீரல் நோயாளி ஒருவர் ஆட்படும் அளவைச் சட்டத்தைவிடப் பக்கத்து வீட்டாரின் முடிவே தீர்மானிக்கிறது.

மருத்துவரிடம் நீங்கள் கூற வேண்டியவை

புறநோயாளர் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில், மருத்துவர் உங்கள் ஊரின் காற்றை அறிவார். உங்கள் நாளை அறியமாட்டார். எனவே கேட்கப்படாவிட்டாலும் பின்வருவனவற்றைக் கூறுங்கள்.

- உங்கள் தொழில் என்ன? தூசி, புகை, வண்ணப்பூச்சு, பற்றவைப்பு, சலவைக்கல் அறுத்தல் ஆகியவற்றோடு தொடர்பு உண்டா? முன்பு செய்த தொழில் என்ன?
- வீடும் கடையும் பெருஞ்சாலையை ஒட்டி உள்ளனவா? அருகில் கட்டுமானம் நடைபெறுகிறதா?
- எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள்? சமையலறையில் புகைபோக்கியோ புகை வெளியேற்றும் மின்விசிறியோ உண்டா?
- கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவற்றை அன்றாடம் பயன்படுத்துகிறீர்களா?
- வீட்டில் யாரேனும் புகைபிடிக்கிறார்களா?
- விடுமுறை நாட்களிலோ வெளியூர் சென்றபோதோ மூச்சுச் சிரமம் குறைகிறதா? குறைந்தால் அது முக்கியமான தடயம்.

இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு எழுதுவது மிகவும் பயனுள்ளது. நாள், நேரம், அப்போது இருந்த இடம், செய்த வேலை, இருமல் அல்லது இளைப்பு, உள்ளிழுப்பு மருந்து எத்தனை முறை எடுத்தீர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். எழுத இயலாத முதியவருக்காகப் பராமரிப்பாளர் எழுதலாம். மருந்தை மாற்றுவதா, இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதா என்பதை முடிவு செய்ய இக்குறிப்பேடு உதவும்.

ஆட்படும் அளவைக் குறைக்க

- கொசுவத்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலையைப் பயன்படுத்துங்கள். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவிற்கு இணையானது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது.
- தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் சன்னலைத் திறந்து வையுங்கள். புகை வெளியேற்றும் மின்விசிறியை இயக்குங்கள். நோயாளியும் குழந்தையும் அப்போது சமையலறையில் இருக்க வேண்டாம்.
- சாலையை நோக்கிய சன்னலை நெரிசல் நேரத்தில் மூடி, மற்ற நேரங்களில் திறவுங்கள்.
- நடைப்பயிற்சிக்கு நெடுஞ்சாலையைத் தவிர்த்து உட்தெருவையோ பூங்காவையோ தேர்ந்தெடுங்கள்.
- வீட்டைப் பெருக்குவதற்கு முன் நீர் தெளியுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள்.
- துணி முகக்கவசம் நுண்துகளை நன்கு தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்95 வகையே தடுக்கும். கடும் மூச்சுத்திணறல் உள்ளோர் அதை அணியும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.
- குப்பை எரிப்பு, மூடப்படாத கட்டுமானத் தூசி ஆகியவற்றைப் பெருநகர சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் தெரிவியுங்கள்.

சாலையோரத்திலேயே பிழைப்பு நடத்துவோரிடம் 'வெளியே போகாதீர்கள்' என்று கூறுவது பயன் தராது. கடையைச் சாலை விளிம்பிலிருந்து சில அடி உள்ளே தள்ளி வைப்பது, நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பது, வீட்டிலுள்ள புகையை முழுமையாக நீக்குவது ஆகியவையும் நாள் சராசரியைக் குறைக்கும். மேலே கண்ட பழ வியாபாரியின் சமையலறையில் 110 என்பது 45 ஆகக் குறைந்தால், அவருடைய நாள் சராசரி 69இலிருந்து ஏறத்தாழ 63 ஆகும். தொழிலை விடாமலேயே கிடைக்கும் பயன் இது.

காற்று நன்றாக இருக்கும் நாட்களிலும் மருத்துவர் பரிந்துரைத்த தடுப்பு உள்ளிழுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சுத்திணறல்
- உதடு அல்லது நகம் நீலமாதல்
- நிவாரண மருந்து எடுத்தும் குறையாத இளைப்பு
- மார்பு வலி, குழப்பம், அளவுக்கு மீறிய மயக்கம்
- குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா எலும்புகளின் இடைப்பகுதி உள்வாங்குதல்

இவற்றுள் ஏதேனும் இருந்தால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

ஆய்வில் பங்கேற்க அழைத்தால்

கருவி அணியவோ, இரத்தம் தரவோ, வீட்டில் அளவிடவோ உங்களை யாரேனும் கேட்கக்கூடும். ஆய்வின் நோக்கத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்துப்பூர்வ இசைவு பெற்ற பின்னரே அதைத் தொடங்க வேண்டும். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இடையில் விலகவும் உரிமை உண்டு. மறுத்தால் உங்கள் சிகிச்சை எவ்வகையிலும் பாதிக்கப்படக் கூடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா என்றும், உங்கள் அளவீட்டின் முடிவு உங்களுக்குத் தரப்படுமா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

இசைவு தந்தால், உங்கள் ஒரு நாளின் அளவீடு பெரியதொரு கணக்கில் சேரும். இன்றுள்ள வரம்புகளுக்குப் பின்னால் இருப்பவை, முகம் தெரியாத பல பெண்கள் சமையலறையில் கருவியை அணிந்து நின்ற மணி நேரங்களும், குழந்தைகள் தந்த சில துளி இரத்தமும்தாம்.

நினைவில் கொள்க

- நகரத்தின் காற்றுத் தர எண் ஒரு வழிகாட்டி. உங்கள் உடலில் சேரும் அளவு அன்று.
- ஆட்படும் அளவு = மாசின் செறிவு × அங்கு இருக்கும் நேரம். இரண்டில் எதைக் குறைத்தாலும் பயன் உண்டு.
- உங்கள் தொழில், சமையலறை, தெரு ஆகியவற்றைப் பற்றிய செய்தி மருத்துவருக்கு ஒரு பரிசோதனை முடிவைப் போன்றது. அடுத்த வருகையின்போது தவறாமல் கூறுங்கள்.